பத்து மணிக் கஞ்சி

1956 மார்ச் 5, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மூன்றாம் நாள். இன்றிலிருந்து புது நோட்டு. நூற்றிருபது பக்கத்துக்கும் எண் போட்டு முடித்தேன். அதற்கே கை ஓய்ந்துவிட்டது.

டாக்டர் எல்லாவற்றையும் குறித்து வைக்கச் சொன்னார். ஆகவே முதலிலிருந்து: பெப்ரவரி 13 காலை ரப்பர்த் தோட்டத்து லோரி முள்வேலிக் கேட்டின் தடுப்புக் கட்டை முன்னால் சட்டென்று நின்றது. பின்தட்டில் நின்றிருந்த நான் இரும்புக் கம்பியில் முகத்தை மோதிக்கொண்டேன். இடது கன்ன எலும்பு முறிவு. கீழ்த் தாடையில் இரண்டு இடத்தில் முறிவு. சிரம்பானில் ஆப்பரேஷன். மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். 28ஆம் தேதி வரை வாய் திறவாது. கடைவாய்ப் பல் ஒன்று போன இடத்தில் ஒரு சந்து இருக்கிறது. கஞ்சியானாலும் மருந்தானாலும் அந்த வழிதான். பேச்சுக்குச் சிலேட்டு.

கழுத்தில் கயிற்றில் ஒரு சின்னக் கம்பி வெட்டி தொங்குகிறது. வாந்தி வந்தால் உடனே வாய்க் கம்பியை வெட்ட வேண்டும், இல்லையேல் மூச்சு அடைத்துவிடும் என்றார்கள். எனக்குச் சமைத்துப் போடும் பஞ்சாலையின் புருஷன் சன்னாசி, பால்மரம் சீவுகிறவன், வந்த அன்றே அதைப் பார்த்துவிட்டான். "என்னாங்கையா இது, இந்த வயசுல ஒங்களுக்கு யாரு தாலி கட்டுனா?" என்றான். சிரிக்கப் போய் உயிர் போய் வந்தது. சிரிக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வலி. முகத்தின் இடது பாதி ஆட்டுக்கல்லாய்க் கனக்கிறது. இடக்கண் பாதி மூடிக்கிடக்கிறது. ஆஸ்பத்திரி மிக்ஸ்சருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் டாக்டர் இந்தப் புது மாத்திரையைக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்ற இனமாம், பெயர் பிரெட்னிசோலோன். வாதக்காரர்களுக்குக் கொடுப்பதாம். வீக்கம் வடிந்தால் வலி இறங்கும் என்றார். "ஆனால் நீயாக நிறுத்தக் கூடாது, நீயாகக் குறைக்கவும் கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னார். எழுபது மாத்திரை. முதல் வாரம் நாளுக்கு நான்கு, அடுத்து மூன்று, அப்புறம் இரண்டு, கடைசி வாரம் ஒன்று. ஏப்ரல் முதல் தேதியோடு சரி.

பொடித்து நீரில் கரைத்து உறிஞ்சினேன். கசப்பு காது வரை ஏறியது.

மார்ச் 6, செவ்வாய்

வலி பாதி. நம்பப் பயமாக இருக்கிறது.

மார்ச் 8, வியாழன்

இடக்கண் திறந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். என் முகம்தான்.

இன்று ஆபீசுக்குப் போனேன். ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களும் எங்கள் குவார்ட்டர்ஸும் அவசரகாலத்தில் முள்வேலிக்குள் வந்துவிட்டன. ஆபீசும் பால் கொட்டகையும் பழைய இடத்திலேயே, வேலிக்கு வெளியே முக்கால் மைலில் நிற்கின்றன. ஓய்வு வயது தாண்டியும் என்னைப் பெரிய கிராணியாக, ஆபீசின் தலைமைக் கணக்கனாக, வைத்திருப்பதற்கு அந்த முக்கால் மைல்தான் காரணம். காட்டிலிருந்து சுட்டுவிடுவார்கள் என்று பயந்து வேறு ஆள் வரச் சம்மதிக்கவில்லை.

எழுத வேண்டியது வேறு. துரை கூப்பிட்டார். எப்போதும்போல் மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே ஒரு நாற்காலி உண்டு. முப்பத்தொரு வருடமாக அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்; மூன்று துரைமார் மாறிவிட்டார்கள். இன்று உட்கார்ந்துவிட்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. துரை என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார், பிறகு விஷயத்தைச் சொன்னார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது சீட்டியடிக்க வேண்டும் போலிருந்தது. வாய்தான் கட்டிக்கிடக்கிறது.

இந்தப் பக்கத்தில் எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்திருப்பதைக் கவனித்தேன். ஏன்?

மார்ச் 10, சனி

பசி. இப்படி ஒரு பசியை என் இருபது வயதில்கூடக் கண்டதில்லை. காலை ஐந்தரைக்குப் பஞ்சாலை கேழ்வரகுக் கஞ்சியில் முட்டை அடித்துக் கலந்து தருகிறாள். இரண்டு கோப்பை குடிக்கிறேன். ஒன்பதரைக்கெல்லாம் வயிற்றுக்குள் யாரோ கொக்கி போட்டு இழுக்கிறார்கள். ஆட்களின் வருகைப் பதிவான செக்ரோலில் பெயர்களைப் பார்க்கிறேன், எல்லாம் பலகாரமாகத் தெரிகிறது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் குலசேகரம் வந்து நாடி பார்த்தான். எங்கள் ஊரவன், பத்து வயது இளையவன். சிலேட்டில் பசியையும் நாற்காலியையும் எழுதிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை, இது முழுக்க மருந்தின்ர வேலை. வயித்தைத் திறந்துவிடும், மனசுக்கும் ஒரு துள்ளல் குடுக்கும். எங்கட புத்தகத்திலயே போட்டிருக்கு. நீங்கள் உங்களுக்கு வீரம் வந்திட்டுதெண்டு நினையாதேங்கோ."

நினைத்துத்தான் இருந்தேன்.

மார்ச் 12, திங்கள்

வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது என்பது சட்டம். காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம். பால்மரத்துக்குப் போகிறவர்கள் விடிய முன் வெறும் தண்ணீரோடு போகிறார்கள், மதியம் இரண்டு மணிக்குத்தான் உள்ளே வந்து சாப்பாடு. பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார்கள். மருந்துக்கும் அதே சட்டம்.

எனக்குப் பத்து மணிக்குக் கஞ்சி வேண்டும். பத்து மணிக்கு மாத்திரையும் வேண்டும். போன வாரம் மாத்திரைப் பொடியைச் சட்டைப் பையில் மறைத்துக் கொண்டுபோனேன். கேட்டைத் தாண்டும் வரை முழங்கால் ஆடியது. டாக்டர் கடிதம் கையிலிருந்தும் ஆடியது. ஆகவே இன்று பஞ்சாலையிடம் கேட்டேன், நீ கொண்டுவருவாயா என்று. பொடியைக் கஞ்சியிலேயே கலந்துவிட்டால் கசப்பும் தெரியாது.

"கேட்டுல விடமாட்டானுங்களேய்யா" என்றாள்.

நான் விடச் சொல்கிறேன் என்று சிலேட்டில் எழுதினேன். நானா எழுதினேன்! சிட்டுத் தாள் ஒன்று எடுத்து, இவள் கொண்டுவருவது நோயாளியான எனக்குரிய கஞ்சி, அனுமதிக்கவும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பார்த்தேன், குறையாகத் தெரிந்தது. முத்திரையில்லாத தாள் எனக்குத் தாளாகவே தெரியாது. வீட்டு மேசை இழுப்பறையில் என் பொறுப்பிலிருந்த தோட்டத்து ரப்பர் முத்திரையை எடுத்துக் குத்தினேன். மிக அழகாக விழுந்தது.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கஞ்சி வந்தது. கேட்டுக் காவலன் அர்ச்சுனன் முத்திரையைப் பார்த்ததும் சலாம் வைத்தானாம்.

மார்ச் 14, புதன்

மூன்றாம் நாளும் கஞ்சி. முகத்தில் வலி இல்லை என்றே சொல்லலாம். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சுகம் தகுமா?

மார்ச் 15, வியாழன்

பஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்து மணி. பத்தேகால். பத்தரைக்கு அர்ச்சுனன் ஓடி வந்தான். இன்று காலை நீலாய் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு புதுக் கோப்பரல் சோதனைக்கு வந்திருந்தானாம். கஞ்சிப் பிளாஸ்க்கைத் திறந்து விரலை விட்டு நக்கிப் பார்த்திருக்கிறான். கசந்திருக்கிறது. "கெழவி மருந்தும் கொண்டுபோறா, ஆகாரமும் கொண்டுபோறான்னு ஒரே சத்தம்யா. அது ஐயாவோட மருந்துன்னு அக்கா சொல்லிச்சு. சிட்டுல மருந்துன்னு எழுதல, கஞ்சின்னுதான எழுதியிருக்குன்னு ஜீப்புல ஏத்திட்டான்."

சிட்டில் மருந்தென்று எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிற நான் அதை எழுதவில்லை.

என்ன செய்து போட்டன்? ஏன் நானே கொண்டு போகேல்லை? என்ர முழங்கால் ஆடுதெண்டு ஒரு பொம்பிளையின்ர கையில குடுத்து விட்டன். அது வீரமோ? சட்டப்படி வருஷக்கணக்கில் உள்ளே போடலாம். வருஷக்கணக்கில்.

மார்ச் 16, வெள்ளி

குலசேகரத்தோடு நீலாய் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் சிலேட்டில் எழுதி எழுதிக் காட்டினேன்: கஞ்சி என்னுடையது, மருந்து என்னுடையது, சிட்டும் என்னுடையது. நான்கு தடவை துடைத்து எழுதினேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. வெளியே வந்ததும் குலசேகரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பலன் இல்லை. சிலேட்டில் எழுதுவது சாட்சியாகாதாம். பிளாஸ்க்கைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டில் வந்து வாயால் சொல் என்றார்.

மார்ச் 17, சனி

சிரம்பான் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. குலசேகரமும் நானும் கையெழுத்திட்டோம். பஞ்சாலை வெளியே வந்தாள். மூன்று நாளில் முகம் சுருங்கியிருந்தது. சன்னாசி அவளைக் கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். அவன் கேலி பண்ணாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

விசாரணை ஏப்ரல் 4.

வீட்டுக்கு வந்து தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். மாத்திரை ஏப்ரல் 1இல் முடிகிறது. விசாரணைக்கு மூன்று நாள் முன்பு.

மார்ச் 19, திங்கள்

இன்றிலிருந்து நாளுக்கு இரண்டு. ஒன்றுதான் போட்டேன். ஒன்றைக் காலி மருந்துச் சிமிழில் எடுத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்படி நான்கு நாள் செய்தால் நான்கு சேரும். விசாரணையன்று காலையில் நான்கையும் போட்டுக்கொண்டால் நான் மார்ச் 8ஆம் தேதி விசுவலிங்கமாக இருப்பேன்.

டாக்டர் விரலை ஆட்டியது நினைவுக்கு வருகிறது.

மார்ச் 22, வியாழன்

நான்காவதும் சேர்ந்தது. கன்னம் மறுபடி தடித்துவிட்டது, ஆட்டுக்கல் திரும்பி வந்துவிட்டது. மூட்டெல்லாம் நோகிறது. குலசேகரம் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இது இப்ப ஏறக் கூடாதே அண்ணை" என்று யோசித்தான். நானும் கூடச் சேர்ந்து யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அறுபத்திரண்டு வயதில் எனக்கு இந்தத் திருட்டு.

மார்ச் 28, புதன்

கம்பியை வெட்டினார்கள். வாய் ஒரு விரற்கடைதான் திறக்கிறது. முதலில் என்ன சொல்வது என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். டாக்டர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டதும் "பரவாயில்லை, ஐயா" என்றேன். அதற்குத்தான் ஆறு வாரம்.

ஏப்ரல் 1, ஞாயிறு

கணக்குப்படி கடைசி மாத்திரை. சிமிழில் நான்கு.

ஏப்ரல் 4, புதன்

காலை ஐந்து மணிக்கு நான்கையும் விழுங்கினேன். விழுங்க முடிகிறதே, பொடிக்கத் தேவையில்லை. எட்டு மணிக்குக் கன்னம் சூடேறியது. ஒன்பதுக்கு உடம்பு லேசாகி எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கோர்ட்டு வாசலில் நின்று என் சாட்சியத்தை இங்கிலீஷில் ஆதியிலிருந்து அந்தம் வரை மனத்துக்குள் சொன்னேன். ஒரு இடம்கூடத் தட்டவில்லை. மாஜிஸ்திரேட்டு முன்னால் நிற்கக் கால் துடித்தது.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். பிளாஸ்க்குப் பரிசோதனை ரிப்போர்ட்டு வரவில்லையாம். ஏப்ரல் 18க்கு ஒத்திவைத்தார்கள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

இவ்வளவு தைரியத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? வெளியே கோப்பிக்கடையில் இருந்தவர்களுக்கு என் சாட்சியம் முழுவதையும் சொன்னேன். பஸ் கண்டக்டரை, ஒரு சீனக் கிழவி ஏறும் முன் விசில் ஊதினாய் என்று பிடித்துக்கொண்டேன். அவன் பஸ்ஸை நிறுத்தி அவளைக் கைபிடித்து ஏற்றினான். பஞ்சாலையும் சன்னாசியும் பின் சீட்டில் இருந்தார்கள். "கெராணி ஐயாவுக்குப் பேயி புடிச்சிருச்சு" என்று சன்னாசி சொன்னது காதில் விழுந்தது. இந்த வழக்கு வந்தபின் அவன் சிரித்துக் கேட்டது இன்றுதான்.

ஏப்ரல் 6, வெள்ளி

எழுந்திருக்க முடியவில்லை. குலசேகரத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அரை மணி நேரம் ஏசினான். "மருந்தை ஆரும் தீபாவளிக்குப் பலகாரம் சேர்க்கிற மாதிரிச் சேர்ப்பினமோ?" இன்னும் நான்கு மாத்திரை கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். பிறகு திரும்பி வந்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தான்.

ஏப்ரல் 10, செவ்வாய்

துரை கூப்பிட்டார். நின்றேன்.

தோட்டத்து முத்திரை வழக்கில் அடிபடுவது கம்பெனிக்கு நல்லதில்லை என்றார். எனக்கும் நல்லதில்லையாம். தேதி போடாத அந்தச் சிட்டு பழையது, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி அனுப்பிய நாட்களுக்காகக் கொடுத்தது, அதை அந்தப் பெண் எனக்குத் தெரியாமல் திரும்ப உபயோகித்திருக்கிறாள் என்று சொல்லலாமே என்றார். "உன் வேலைக்கும் ஆபத்தில்லை. அவளுக்கு ஏதோ சில மாதம். யோசி."

நான் தலையாட்டினேன்.

ஆட்டியதை எழுதி வைக்கிறேன். எழுத்து எறும்பாக விழுகிறது.

ஏப்ரல் 11, புதன்

துரை சொன்னதைப் பஞ்சாலையிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்? அவளே "சரிங்கையா, அப்பிடியே சொல்லுங்க" என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேனோ?

அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தாள். கரண்டியைக் கழுவினாள்.

"ஒங்க வாயக் கட்டுனாலும் அவுத்தாலும் ஒண்ணுதாங்கையா" என்றாள். "கட்டியிருந்தப்பவாச்சும் சிலேட்டுல எழுதுனீங்க."

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 13, வெள்ளி

சித்திரைப் பிறப்பு. பஞ்சாலை வரவில்லை. நானே பொங்கினேன், அடிப்பிடித்துவிட்டது. மெல்ல முடிந்தது. கருகியதை மெல்லும்போதும் இத்தனை நாள் கழித்து மெல்லுவது நன்றாகத்தான் இருந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

ஏப்ரல் 16, திங்கள்

நேற்றும் இன்றும் சாட்சியத்தைச் சொல்லிப் பழகினேன். கண்ணாடி முன்னால் வருகிறது. துரையை நினைத்தால் நின்றுவிடுகிறது. அன்று கோப்பிக்கடையில் அருவி மாதிரிக் கொட்டியதே, அது யார்?

மாலையில் இந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மார்ச் 12ஆம் தேதிப் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது: கஞ்சி, பொடி, சிட்டு, முத்திரை, நான் பயந்தது. நடந்த அன்றே எழுதியது. இதைவிடச் சாட்சி வேறு என்ன? நான் பேசத் தேவையில்லை, நீட்டினால் போதும்.

ஆனால் இதே நோட்டில் நாற்காலி இருக்கிறது. திருடிய மாத்திரை இருக்கிறது. துரைக்குத் தலையாட்டிய ஏப்ரல் 10ஆம் தேதி இருக்கிறது. அதற்குப் பக்க எண் 41.

அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டால்? விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் 42. அடுத்தது 43. நாற்பதுக்குப் பிறகு நாற்பத்து மூன்று வரும் ஒரு நோட்டை நான் எவரிடமும் கொடுத்ததில்லை. முடியவில்லை. இதை நேர்மை என்று எழுத மாட்டேன், பழக்கம்.

ஏப்ரல் 18, புதன் (தனித் தாளில் எழுதுகிறேன். நோட்டு கையில் இல்லை.)

பரிசோதனை ரிப்போர்ட்டு வந்திருந்தது. கஞ்சியில் அந்த மருந்துதான் என்று அதில் இருந்தது. பஞ்சாலை கூண்டில் நின்றாள், நீலச் சேலை, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். துரை முன் வரிசையில்.

என்னை ஏற்றினார்கள். இது உன் கையெழுத்தா என்று மாஜிஸ்திரேட்டு கேட்டார். ஆம் என்று தலையாட்டினேன். எப்போது எழுதினாய் என்றார். வாய் நன்றாகத் திறந்தது, சொல் வரவில்லை. முழங்கால்கள் கேட்டைத் தாண்டிய நாளைப் போலவே ஆடின. துரை என்னைப் பார்த்து மெதுவாக ஒரு தடவை தலையசைத்தார்.

பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன்.

மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து படி என்று மாஜிஸ்திரேட்டு சொன்னார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் திருநாவுக்கரசு முதலில் தமிழில் வாசித்து, பிறகு இங்கிலீஷில் சொன்னார். கணீரென்ற குரல். கம்பி வெட்டியைச் சன்னாசி தாலி என்றதற்குப் பின்வரிசையில் சிரிப்பு. நாற்காலி வந்தது. "முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், மூன்று துரைமார் மாறிவிட்டார்கள்." கோர்ட்டே சிரித்தது.  துரையின் கழுத்து சிவந்துவிட்டது. பிறகு 12ஆம் தேதி. என் முழங்கால், பஞ்சாலையிடம் கொடுத்தது, முத்திரை அழகாக விழுந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. பஞ்சாலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்கு விளங்கவில்லை.

மாஜிஸ்திரேட்டு 15ஆம் தேதியோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, "இதற்குப் பின்னால் இந்த வழக்கைப் பற்றி வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டார்.

 முன் வரிசையைப் பார்த்தேன். துரை இப்போது தலையசைக்கவில்லை.

"இருக்கிறது" என்றேன். கேட்கும்படியாகத்தான் வந்தது. "பக்கம் நாற்பத்தொன்று."

திருநாவுக்கரசு அதைத் தமக்குள் வாசித்தார். எறும்பெழுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார். மேடைக்குப் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மாஜிஸ்திரேட்டு நோட்டை வாங்கி மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, துரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொதுவாகச் சொன்னார்: "பொய் எழுதுகிறவன் தன்னை நல்லவனாகத்தான் எழுதுவான். தன் பயத்தை இப்படித் தேதி போட்டு ஒருவன் இட்டுக்கட்ட மாட்டான்."

பஞ்சாலை விடுதலை. முத்திரையை எடுத்ததற்காக எனக்குக் கடுமையான கண்டிப்பு. நோட்டு ஒரு வாரம் கோர்ட்டில் இருக்க வேண்டும்.

படியிறங்கும்போது பஞ்சாலை பக்கத்தில் வந்தாள். "அந்த மாத்திரயத் திரும்பவும் போட்டீங்களாய்யா?" என்றாள்.

"இல்லை."

"அதான் அப்பிடி நடுங்குனீங்க" என்றாள். 

ஏப்ரல் 27, வெள்ளி

நோட்டு திரும்பி வந்தது. தனித் தாளை உள்ளே ஒட்டிவிட்டேன். அதற்கு 46அ என்று எண்.

ஒன்பது நாளாக என்னோடு பேசாத துரை இன்று கூப்பிட்டார். முத்திரையை வாங்கித் தன் மேசையில் வைத்துப் பூட்டினார். "வேறு கிராணி தேடினேன், ஒருவனும் வரமாட்டேன் என்கிறான்" என்றார். பிறகு, "என்னைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

"தினமும் எழுதுவதில்லை, ஐயா" என்றேன்.

சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா, சொல்லத் தெரியவில்லை.

மே 2, புதன்

முகத்தில் மழை நாளில் மட்டும் ஒரு இழுப்பு. டாக்டர் இனி மாத்திரை வேண்டாம் என்று எழுதிவிட்டார். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பசி பழைய அளவுக்கு வந்துவிட்டது. பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்கிறேன்.

பஞ்சாலை சமைக்க வருகிறாள். நெத்திலிக் குழம்பில் உப்புக் கூட. சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்து இன்று சொன்னேன். "நாக்கு முழிச்சிருச்சுபோல" என்றாள்.

மே 8, செவ்வாய்

காலையில் மாயாண்டி வந்தான். ஆறாம் நம்பர் லயம், பால் கொட்டகையில் வேலை. அவனுடைய அடையாளக் கார்டில் பெயர் ஒன்றும் ரேஷன் அட்டையில் வேறொன்றுமாக இருக்கிறதாம்; நேற்றுச் சோதனையில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு இன்று நீலாய் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். கார்டில்லாமல் வேலிக்கு வெளியே கால் வைக்க முடியாது. கைகளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னா நல்லாருக்கும்யா. துரகிட்ட போலாம்னுதான் பாத்தேன். பஞ்சால அக்காதான் இங்க போகச் சொல்லிச்சு."

"என்ன சொன்னாள்?"

சொல்லலாமா வேண்டாமா என்று விழித்தான்.

"கெராணி ரொம்பப் பயந்தவருதான், ஆனா கூப்ட்டா வருவாருன்னு சொல்லிச்சு."

சட்டை மாற்றிக்கொண்டேன். பொத்தான் போட இரண்டு தடவை ஆயிற்று. ஒன்பதேகால் பஸ்ஸுக்குப் போகிறோம்.